பையும் கயிறும்

நம்மை நன்கு அறிந்தவர்கள் நம்மிடம் அடையாள அட்டை கேட்பதில்லை. கேட்பவர்கள் நம்மை அறியாதவர்கள். ஊருக்குள் இருக்கும்வரை ஒரு மனிதனுக்கு முகம் போதும். நடையும் குரலும் போதும். இருட்டில் வேலிக்கு அப்பால் நின்று இருமினால்கூட இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். ஊரைத் தாண்டியதும் முகம் செல்லாக் காசாகிவிடுகிறது. அங்கே ஒரு துண்டுக் கடதாசியோ, ஓர் இலக்கமோ, ஒரு கடவுச்சொல்லோ நமக்காகப் பேச வேண்டியிருக்கிறது. அந்தக் கடவுச்சொல்லை இன்னொருவன் கைப்பற்றிக்கொண்டால் நமக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? இதைவிடச் சங்கடமான இன்னொரு கேள்வியும் உண்டு. நம்மை அறியாத ஒருவர் நம்மைச் சந்தேகிப்பது அநியாயமா?

இக்கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டவர் எங்களூரில் ஓய்வுபெற்று வாழும் ஒரு தபாலதிபர். கவிதை எழுதுபவர். நாற்பது வருடங்களாக ஒரே புனைபெயரில் எழுதி வருகிறார். ஊரில் 'போஸ்ட்மாஸ்டர்' என்றால்தான் அவரைத் தெரியும். ஊருக்கு வெளியே, இலக்கியம் வாசிப்பவர்களிடையே, புனைபெயரைச் சொன்னால்தான் தெரியும். அவருடைய சொந்தப் பெயர் பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலும் ஓய்வூதியக் கடதாசிகளிலும் மட்டுமே வாழ்கிறது. எழுதுகிறவர்கள் பலருக்கும் இதுதான் நிலை என்பதை இங்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

பத்து வருடங்களுக்கு முன்னர் மகன் வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசியில் அவர் ஒரு சமூக வலைத்தளக் கணக்கைத் திறந்தார். எந்த வலைத்தளம் என்பது இங்கே முக்கியமல்ல. புனைபெயரில்தான் திறந்தார். ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கவிதைகளை அங்கேயே எழுதினார். வேறெங்கும் பிரதி வைத்துக்கொள்ளவில்லை. நாடெங்கிலுமிருந்தும் கடல் கடந்தும் வாசகர்கள் அவருக்கு எழுதினார்கள். அவர்களிற் சிலர் இன்று உயிரோடு இல்லை. மௌத்தானவர்களின் கடைசிக் கடிதங்களும் அந்தக் கணக்குக்குள்ளேதான் கிடந்தன.

ஒருநாள் காலையில் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. உள்ளே வேறொருவன் இருந்தான். அவன் இவருடைய பெயரால், இவருடைய படத்தோடு, அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு எழுதியிருந்தான்: அவசரமாக வைத்தியசாலையில் இருக்கிறேன், கொஞ்சம் பணம் தேவை, இரண்டு நாளில் திருப்பித் தருகிறேன், இதுதான் வங்கி இலக்கம். விழித்துக்கொண்ட நண்பர்கள் பலர் நிறுவனத்திடம் முறைப்பாடு செய்தார்கள். நிறுவனம் கணக்கை மூடிவிட்டது. கள்வனைத் துரத்துவதற்காக வீட்டுக்காரனையும் சேர்த்து வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிய கதைதான்.

கொஞ்சம் கணினி தெரிந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மீட்பதற்கென ஒரு படிவம் இருந்தது. அடையாள அட்டையின் படத்தை அனுப்பச் சொன்னது. அவரிடம் இருந்ததோ ஆங்கிலத்தில் பெயர் இல்லாத பழைய அட்டை. அனுப்பினோம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, உங்களை உறுதிப்படுத்த முடியவில்லை என்று பதில் வந்துவிட்டது. 2017 முதல் வழங்கப்பட்டுவரும், மூன்று மொழியிலும் பெயர் உள்ள புதிய அட்டைக்கு விண்ணப்பித்தோம். கிராம உத்தியோகத்தரிடம் போய், பிரதேச செயலகத்துக்குப் போய், அது கைக்கு வரும்வரை காத்திருந்து மீண்டும் அனுப்பினோம். மறுபடியும் அதே பதில், அதே வேகம். அட்டையிலிருந்த பெயர் கணக்கிலிருந்த பெயரல்ல. 'முஹம்மது' என்ற ஒரு பெயரையே நம் அலுவலகங்கள் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகின்றன என்பது வேறு கதை. புனைபெயருக்கு அட்டை கொடுக்கும் திணைக்களம் நம் நாட்டில் கிடையாது.

"என்ன தம்பி, நான் நானில்லையெண்டு சொல்றானே. அப்ப நான் ஆரு?" என்று கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். நமது நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. அதன்படி கள்வன் அகப்பட்டால் தண்டிக்கலாம். ஆனால் வேறொரு நாட்டில் இருக்கும் நிறுவனத்திடம் சென்று, இந்தக் கவிஞர்தான் அந்தக் கவிஞர் என்று சாட்சி சொல்ல எந்தப் பொலிஸ் நிலையத்தாலும் முடியாது. கள்வனைப் பற்றிய சட்டமும் உரியவனைப் பற்றிய நீதியும் வெவ்வேறு விடயங்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நிறுவனத்தைத் திட்டித் தீர்ப்பதோடு இதை முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. திட்டுவது எளிது. ஆனால் அவர்களுடைய இடத்தில் நின்று பார்த்தால், தொலைதூரத்திலிருந்து யாரோ ஒருவர் 'இது என் கணக்கு' என்கிறார். அதே சொற்களை நேற்று ஒரு கள்வனும் சொல்லியிருப்பான். இரண்டு பேரையும் பிரித்தறிவது எப்படி? கணக்கைக் களவாடியவன் முதலில் செய்யும் வேலையே உரியவனைப் போலப் பேசுவதுதானே.

எங்கள் கரையோரத்தில் 2004 டிசெம்பர் 26 கடற்கோளின் பின்னர் நடந்த ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கல்முனை வைத்தியசாலையில் அன்று எண்பத்தோராவதாகச் சேர்க்கப்பட்ட பச்சைக் குழந்தையை உலகமே 'எண்பத்தோராம் இலக்கக் குழந்தை' என்று பேசியது. பல தாய்மார் அதைத் தம் பிள்ளையென்று கோரியதாகச் செய்திகள் வெளிவந்தன. முறைப்படி நீதிமன்றத்துக்கு வந்ததென்னவோ ஒரே ஒரு தம்பதிதான். ஆனாலும் நீதிமன்றம் பிள்ளையை உடனே கொடுக்கவில்லை. மரபணுப் பரிசோதனை செய்யச் சொன்னது. தாயும் தகப்பனும் பொறுமையிழந்து வைத்தியசாலைக்குள் புகுந்து பிள்ளையைத் தூக்க முயன்றார்கள். பொலிஸார் அவர்களைப் பிடித்தார்கள். 2005 பெப்ரவரியில் முடிவு வந்தது. பிள்ளை அவர்களுடையதே. பிள்ளை அவர்கள் கைக்குப் போனது.

அன்று எங்கள் பக்கத்தில் பலரும் நீதிமன்றத்தைக் குறை சொன்னார்கள். தாய்க்குத் தன் பிள்ளையைத் தெரியாதா என்றார்கள். தெரியும்தான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, நிரூபிப்பது வேறு. தாய்க்குத் தெரிந்தது தாய்க்குள்ளேதான் இருக்கிறது. அதை வெளியே எடுத்து இன்னொருவரின் மேசையில் வைக்க முடியாது. அந்தப் பிள்ளையை இழந்த தாய் வேறொருத்தியாக இருந்து, அவள் ஓர் அகதி முகாமில் மயங்கிக் கிடந்திருந்தால்? அவளுக்காகவும் யோசிக்க வேண்டிய கடமை அங்கே ஒருவருக்கு இருந்தது. உரியவரைக் காக்க வைப்பதும் உரியவர் மீதான அக்கறையே என்று சொல்லக்கூடிய நேரங்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

அப்படியானால் தபாலதிபர் பட்ட பாட்டில் அநியாயம் எங்கே இருக்கிறது? இதற்கு விடை அவருடைய தொழிலிலேயே இருந்தது.

ஒரு மாலை அவர் சொன்னார். அந்தக் காலத்தில் காசுக்கட்டளை மாற்ற வருபவரை அவருக்குத் தெரிந்திருந்தால் பிரச்சினையில்லை. தெரியாவிட்டால் அட்டை பார்ப்பார். அட்டையும் இல்லையென்றால், அவருக்குத் தெரிந்த ஒருவர் வந்து 'இவர் இன்னார்தான்' என்று கையெழுத்து வைக்க வேண்டும். "பிழையான ஆளுக்குக் குடுத்திட்டா என்ட சம்பளத்தில வெட்டுவானுகள். அது ஒரு பயம். ஆனா சரியான ஆளைத் திருப்பி அனுப்பிட்டாலும் பயம்தான் தம்பி. புருசன் அனுப்பின காசு. அரிசி வாங்க வந்திருப்பா. அவ வெறுங்கையோட போறதைப் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சோறு தின்னுறது?"

இரண்டு பயம். நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று பட்டது. சந்தேகிப்பவனுக்கு இரண்டு பயமும் இருக்க வேண்டும். கள்வனிடம் கொடுத்துவிடுவேனோ என்ற பயம் ஒன்று; உரியவனுக்குக் கொடுக்காமல் விட்டுவிடுவேனோ என்ற பயம் மற்றது. முதலாவது மட்டும் இருப்பவன் நல்ல காவற்காரனாக இருக்கலாம், நீதி செய்பவனாக இருக்க மாட்டான். கல்முனை நீதிமன்றத்துக்கு இரண்டு பயமும் இருந்தன. அதனால்தான் அது கொடுக்காமல் இருந்ததோடு நிற்காமல், கொடுப்பதற்கான வழியையும் தானே தேடியது. பரிசோதனைக்கு உத்தரவிட்டது அந்தத் தாய் அல்லவே.

கணக்கை மூடிய நிறுவனத்துக்கு உரியவனை வெளியே வைப்பதால் எந்த நட்டமும் இல்லை. ஒரு கிராமத்துக் கவிஞரின் நூற்றைம்பது கவிதைகள் யாருடைய இலாபக் கணக்கில் குறையப்போகின்றன? கள்வனுக்குக் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் பெயர் கெடும். ஆகவே அதற்கு ஒரு பயம்தான். அதுவும் தன்னைப் பற்றிய பயம். ஒரு நிமிடத்துக்குள் 'முடியாது' என்று சொன்ன இயந்திரத்துக்கு அந்த ஒன்றும் இல்லை.

கண்டெடுத்த பொருளைப் பற்றி நம் பிக்ஹு நூல்கள் பேசும் 'லுகதா' என்ற பகுதியை நம்மவர்கள் பெரும்பாலும் மத்ரஸாவோடு மறந்துவிடுகிறார்கள். வழியில் பணப்பை ஒன்றைக் கண்டெடுத்தவர் அதன் பையையும் அதைக் கட்டியிருக்கும் கயிற்றையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வருடம் அறிவித்துக்கொண்டிருக்க வேண்டும். உரியவர் வந்தால் ஒப்படைக்க வேண்டும். இதற்கு அடிப்படையான நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பை எப்படிப்பட்டது, கயிறு எப்படிப்பட்டது என்று சரியாகச் சொல்பவர் உரியவராக இருக்கக்கூடும். இன்றைய மொழியில் சொன்னால் பையும் கயிறும்தான் கடவுச்சொல்.

அடையாளத்தைச் சரியாகச் சொன்னாலே கொடுத்துவிட வேண்டுமா என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. மாலிக்கி, ஹன்பலி அறிஞர்கள் வேண்டும் என்கிறார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலும் ஹனபியிலும், சொல்பவர் உண்மையாளர் என்று மனதுக்குப் பட்டால் கொடுக்கலாம். ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சாட்சி வந்தால்தான். ஓதும் வயதில் இது எனக்கு வெறும் நுணுக்கமாகப் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை. பையும் கயிறும் இன்னொருவன் காதிலும் விழுந்திருக்கலாம். உரியவன் சந்தையில் நின்று 'என் பை சிவப்பு, கயிறு கறுப்பு' என்று அழுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பவன் நாளைக்கு வந்து அதையே சொல்லலாம். அறிவு களவுபோகும், சாட்சி அவ்வளவு எளிதில் களவுபோகாது. அதேவேளை, மனதுக்குப் பட்டால் கொடுக்கலாம் என்று ஒரு சன்னலைத் திறந்தே வைத்திருக்கிறார்களே, அதையும் கவனிக்க வேண்டும். அந்த மனம் கண்டெடுத்தவருடையது. பிழையாகக் கொடுத்துவிட்டு, பின்னர் சாட்சியோடு உரியவர் வந்தால் பொறுப்பும் அவருடையதே. கொடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

மனம் பிழைத்துப்போன ஒரு சம்பவம் 2012 ஓகஸ்ட் 3 அன்று அமெரிக்காவில் நடந்தது. மெட் ஹோனன் என்பவர் அப்போது 'வயர்ட்' சஞ்சிகையில் தொழில்நுட்பம் பற்றி எழுதிவந்தவர். அவருடைய மூன்றெழுத்து டுவிட்டர் பெயரின்மீது சில இளைஞர்களுக்கு ஆசை வந்தது. அவர்கள் கணினியை உடைக்கவில்லை, தொலைபேசியில் பேசினார்கள். முதலில் அமேசன் நிறுவனத்தை ஹோனனாக அழைத்துப் பேசி, அவருடைய கணக்குக்குள் நுழைந்து, கடனட்டையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்துக்கொண்டார்கள். அமேசனுக்கு அந்த நான்கு இலக்கங்கள் எவர் கண்ணில் பட்டாலும் பரவாயில்லாத ஒன்று. பின்னர் அப்பிள் நிறுவனத்தை அழைத்தார்கள். அப்பிளுக்கோ அதே நான்கு இலக்கங்களும் முகவரியும் போதுமான அத்தாட்சி. ஹோனன் முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்த இரகசியக் கேள்விகளுக்கு அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. அப்படியிருந்தும் தற்காலிகக் கடவுச்சொல் கொடுக்கப்பட்டது. அதைக் கொண்டு அவருடைய கூகுள் கணக்கை அழித்தார்கள்; தொலைபேசியையும் மடிக்கணினியையும் தூரத்திலிருந்தே துடைத்தெடுத்தார்கள். மகளின் முதல் ஆண்டுப் படங்கள் முழுவதும் அந்த மடிக்கணினியில் இருந்தன.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. உண்மையான ஹோனன் அப்பிளை அழைத்து நெடுநேரம் பேசுகிறார். கேட்கப்படும் கேள்விகளுக்கு அவர் சொல்லும் பதில்கள் பொருந்தவே இல்லை. இறுதியில் மறுமுனையில் இருந்தவர் அவரை 'ஹேர்மன்' என்று அழைத்தபோதுதான் விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. பெயரைப் பிழையாகக் கேட்டு, அவ்வளவு நேரமும் வேறொருவரின் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு இவரை விசாரித்திருக்கிறார்கள். கள்வனுக்குத் திறந்த கதவு உரியவனுக்குத் திறக்கவில்லை. இத்தனைக்கும் இரண்டு பேரிடமும் பேசியவர்கள் மனிதர்களே.

ஆகவே, 'இயந்திரத்துக்குப் பதிலாக ஒரு மனிதன் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நான் சொல்லத் துணியவில்லை. இரக்கமுள்ள மனிதனைத்தான் கள்வன் முதலில் தேடுவான். வேலியின் பலவீனமான இடம் எதுவென்று வீட்டுக்காரனை விட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். தபாலதிபருக்கும் அந்தத் தொலைபேசிக்காரர்களுக்கும் உள்ள வித்தியாசம் வேறு. இவர் தவறினால் இவருடைய சம்பளம் போகும். அந்தப் பெண்ணின் முகம் நாளைக்கும் தெருவில் எதிரே வரும். அவர்களுக்கு அழைப்பு முடிந்தால் ஆள் முடிந்தான்.

2013 இல் பேஸ்புக் ஒரு வழியை அறிமுகப்படுத்தியது. கணக்கு வைத்திருப்பவர் தம் நம்பிக்கைக்குரிய மூன்று முதல் ஐந்து நண்பர்களை முன்னரே குறித்து வைக்கலாம். கணக்கு கைநழுவினால் அவர்களிடம் இரகசிய இலக்கங்கள் போகும். மூன்று பேரிடமிருந்து அவற்றைச் சேகரித்துக் கொடுத்தால் கதவு திறக்கும். மூன்று நண்பர்கள் கூட்டுச் சேர்ந்தால் நம்மையே கொள்ளையிடலாம் என்பது உண்மைதான். என்றாலும் அது நம் தபாலதிபரின் முறைக்கு மிக அருகே வந்த முறை. தெரிந்த மனிதர் வந்து 'இவர் இன்னார்தான்' என்று சொல்வதை ஒரு பெரிய நிறுவனம் செவிமடுத்தது. பின்னர் அந்த வசதி கைவிடப்பட்டுவிட்டது.

ஐரோப்பியர்கள் இதைச் சட்டத்தால் தீர்க்கப் பார்க்கிறார்கள். 2024 பெப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த அவர்களுடைய எண்ணிமச் சேவைகள் சட்டத்தின்படி, தன் விதியை மீறியதாகச் சொல்லி ஒருவரின் கணக்கை மூடும் நிறுவனம் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். அதற்கெதிரான முறைப்பாட்டை வெறும் தன்னியக்கப் பொறியால் மட்டும் தீர்த்துவிடக்கூடாது. நல்ல சட்டம். ஆனால் அது ஐரோப்பாவில் வாழ்பவர்களுக்கானது. கேட்கப்படும் உரிமை ஒருவனுக்கு உண்டா இல்லையா என்பது அவன் எந்தக் கரையில் குடியிருக்கிறான் என்பதைப் பொறுத்ததாகிவிட்டால் அதை உரிமை என்று சொல்லலாமா? சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணக்கு மூடிக் கிடந்த நாட்களில் அவர் அதே புனைபெயரில் புதிதாக ஒன்றைத் திறந்தார். அதுவும் ஒரு வேடிக்கைதான். ஏற்கனவே சூடுகண்ட நண்பர்கள் எவரும் அவரை ஏற்கவில்லை. 'மறுபடியும் வந்துட்டியா கள்ளா' என்று ஒருவர் எழுதினார். லண்டனில் மகளோடு இருக்கும் பள்ளித் தோழர் ஒருவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "78 சூறாவளி அன்றைக்கு இரவு நாம ரெண்டு பேரும் எங்க படுத்தோம்?" இவர் எழுதினார்: "படுத்தோமா? விடியும்வரைக்கும் பள்ளிக்கூட மேசைக்குக் கீழ குந்திக்கிட்டு இருந்தோம். உன்ட கையில ஒரு கோழி இருந்திச்சு." மறு நிமிடமே தோழரின் அழைப்பு வந்தது. இருவரும் அன்று அழுதார்களாம்.

நிறுவனங்கள் கேட்கும் இரகசியக் கேள்விகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 'உங்கள் தாயாரின் திருமணத்துக்கு முந்திய குடும்பப் பெயர் என்ன?' நம் பெண்கள் திருமணத்தால் பெயர் மாற்றுவதில்லை; நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றும் பெரும்பாலும் கிடையாது; தாயாரின் பெயரோ ஊர் முழுவதற்கும் தெரியும். யாரோ ஒருவருடைய ஊரை மனதில் வைத்துச் செய்த பூட்டை நம் வீட்டுக் கதவில் மாட்டியிருக்கிறார்கள். லண்டன் தோழரின் கேள்வி அப்படிப்பட்டதல்ல. அதற்குள் ஒரு பொறியும் இருந்தது, ஒரு வாழ்க்கையும் இருந்தது. அவர் கேட்டது கயிற்றின் நிறத்தை அல்ல, அதை இருவரும் சேர்ந்து முறுக்கிய இரவை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பரொருவர் இமாம் கஸ்ஸாலியை நினைவூட்டினார். இளவயதில் ஜுர்ஜானிலிருந்து தூஸுக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் அவருடைய குறிப்பேடுகளைப் பறித்துக்கொண்டதும், அவற்றையாவது தாருங்கள் என்று அவர் கெஞ்சியபோது, பறித்தால் போய்விடுவது என்ன அறிவு என்று தலைவன் சிரித்துத் திருப்பிக் கொடுத்ததும், ஊர் திரும்பி மூன்று வருடங்கள் அவற்றை மனனம் செய்ததும் சுப்கி பதிந்து வைத்துள்ள செய்தி. ஆகவே கவிஞர் தம் கவிதைகளை மனதில் வைத்திருக்க வேண்டியதுதானே என்றார் நண்பர். நான் இதை ஏற்கவில்லை. தன் கவிதையை மனனம் செய்யலாம். இறந்துபோன நண்பன் இரவு இரண்டு மணிக்கு எழுதிய கடிதத்தை அவன் எழுதியபடியே யாரால் மனனம் செய்ய முடியும்? தவிரவும், அந்தக் கொள்ளையன் கெஞ்சுபவரின் பேச்சைக் கேட்டான். கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அந்த அளவில் அவன் நமது நிறுவனத்தை விட மேலானவன்.

மூன்று மாதங்களின் பின் ஒருநாள் கணக்குத் திறந்துகொண்டது. அதற்குள் எத்தனை தடவை விண்ணப்பித்தோம் என்ற எண்ணிக்கையை நான் விட்டுவிட்டேன். ஏன் தரவில்லை என்று சொல்லாததைப் போலவே ஏன் தந்தார்கள் என்றும் சொல்லவில்லை. கவிதைகள் இருந்தன. கடிதங்கள் இருந்தன. அவற்றோடு கள்வன் அவர் பெயரால் எழுதியவையும் அப்படியே இருந்தன. அவர் எழுதுவதைப் போலவே 'அன்புள்ளம் கொண்டீர்' என்றுதான் அவனும் தொடங்கியிருந்தான். பழைய கடிதங்களை வாசித்துப் படித்திருக்கிறான்.

அறுபத்துச் சொச்சம் பேரில் மூவர் பணம் அனுப்பியிருந்தனர். அதைத் தாமே திருப்பிக் கொடுக்கப்போவதாகத் தபாலதிபர் சொன்னபோது எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது.

"காக்கா, களவெடுத்தது நீங்களில்லையே. நீங்களும் களவு குடுத்த ஆள்தானே" என்றேன்.

"அவங்க காசு குடுத்தது கள்ளனுக்கில்ல தம்பி. என்ட பேருக்கு."

"பேரையும்தானே அவன் களவெடுத்தான்?"

"காசுக்கட்டளை பிழைச்சா நான் கட்டினேன்தானே."

"அது உங்கட கையால குடுத்த காசு. இது அப்பிடியில்ல."

அவர் பதில் சொல்லவில்லை. என் பக்கம்தான் நியாயம் என்று இன்றும் நான் நினைக்கிறேன். செய்யாத குற்றத்துக்கு அபராதம் கட்டுவது பெருந்தன்மையாக இருக்கலாம், கடமையாக முடியாது. ஆனால் அறிந்தவர்கள் அவர் பெயரை நம்பித்தான் அட்டை கேட்காமல் கொடுத்தார்கள் என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஓய்வூதியம் வந்த கிழமையில் இருவருக்கு அனுப்பிவிட்டார். மூன்றாமவர் புத்தளம் பக்கத்தில் இருக்கும் ஓர் ஆசிரியை. நேரில் கண்டதில்லை, கவிதை வாசித்து எழுதுபவர். ஐயாயிரம் ரூபா அனுப்பியிருந்தார். பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், முகவரியைத் தாருங்கள் என்று இவர் எழுதினார். பதில் இல்லை. மறுநாள் பார்த்தபோது அந்த ஆசிரியை இவரைத் தடை செய்திருந்தார். காசு ஒரு கடித உறைக்குள், தபாலதிபரின் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. உறையின்மேல் ஆசிரியையின் பெயரையும் தொகையையும் திகதியையும் எழுதி வைத்திருக்கிறார்.